பேரைச் சொன்னவள்

செத்துப்போன ஒருவனுடைய ஓட்டை எவனோ கள்ளத்தனமாகப் போட்டுவிட்டான் என்று, அந்தச் செத்தவனின் பேரில் வேலை பார்க்கிறவன் மில் கேட்டில் நின்று சத்தம் போட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில், எங்கள் மில்லில் சங்கத் தேர்தல் நடந்த அன்று. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் அவன் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"எம்பேர்ல எவனோ போட்டுட்டுப் போயிட்டானுங்கண்ணா. புளோரூம் ஆறுச்சாமின்னா நாந்தானுங்க? நீங்களே சொல்லுங்க."

"நீதாம்ப்பா" என்றேன். வேறென்ன சொல்வது?

அவன் ஆறுச்சாமி இல்லை, ஆறுச்சாமியின் தம்பி மாசாணம். புளோரூமில், பஞ்சுப் பொதியைப் பிரித்து மெஷினுக்குப் போடுகிற இடத்தில், வேலைக்குச் சேர்ந்தது அண்ணன்தான். ஐம்பத்திரண்டில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தன் ஊருக்குப் போனவனுக்கு மஞ்சள் காமாலை முற்றி அங்கேயே முடிந்துபோனது. கல்யாணம் ஆகாதவன். வேலை நிரந்தரம் ஆனதும் அந்த வருஷம்தான். நிரந்தர வேலை என்பது அப்போது எங்கள் சனத்துக்கு லேசில் வாய்க்கிற சங்கதி இல்லை. நாங்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் பண்ணயத்துக்குக் கிடந்தவர்கள். வந்த வேலையை ஒரு காமாலைக்குக் கொடுத்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? லீவு முடிகிற அன்று தம்பிக்காரன் அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அண்ணனின் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். மேஸ்திரி ரசாக் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"காய்ச்சல்ல ரொம்ப எளச்சுப் போயிட்டே, ஆறுச்சாமி" என்றார். பிறகு வேலைக்கு அனுப்பினார். நல்ல மனுஷன், இப்போது இல்லை.

ஊரில் அவன் அம்மா காளியாத்தாள் மூத்த மகனுக்காக வாய்விட்டு அழவில்லை. ஒப்பாரி வைத்தால் சேதி நடந்து மில்வரை வந்துவிடும். தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற மகனுக்கு எந்தத் தாய் ஒப்பாரி வைப்பாள்? முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாளாம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மில் கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆகிப் பாவாத்தாள் வந்தாள், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. எல்லாம் ஆறுச்சாமி பேரில்தான் நடந்தது. அவனும் ஒரு நாள்கூட லீவு போடாமல், பஞ்சுத் தூசியைத் தின்றுகொண்டு, அண்ணனைவிட ஒழுங்கான ஆறுச்சாமியாக இருந்தான்.

ஓட்டு திருட்டுப் போனது அவனை என்னவோ செய்துவிட்டது. அதற்குப் பிறகு கேட் கூட்டம் எப்போது நடந்தாலும் முன்னால் போய் நின்றுகொள்வான். அறுபத்தொன்றில் எங்கள் சங்கத்துச் செயலாளர் வெங்கடபதி மேடையில் ஏறி, "அடுத்த தேர்தல்ல ஓட்டுப் போடற ஒவ்வொரு தொழிலாளி கையிலும் அவனவன் படம் ஒட்டின சீட்டு இருக்கோணும். படம் இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை" என்று சொன்னபோது முதலில் கை தட்டியவன் இவன்தான். வெங்கடபதிக்கு அது தன் பேச்சுக்குக் கிடைத்த கைதட்டல் என்று நினைப்பு.

கூட்டம் கலைந்ததும் அவனை ஓரமாக இழுத்துப் போனேன்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? படம், சீட்டுன்னு எதுவும் இல்லாத வரைக்குந்தான் உனக்கு நல்லது. நீ போயி முன்னால நின்னு கேக்கறயே."

"அப்படியில்லீங்கண்ணா" என்றான் பொறுமையாக. எனக்கே பாடம் சொல்கிறான். "எம் மூஞ்சியை எடுத்து ஒட்டி, கீழ ஆறுச்சாமின்னு எழுதி, மில்லு முத்திரையைக் குத்திட்டாங்கன்னு வைங்க. அப்பறம் ஆரு வந்து நீ அவன் இல்லேன்னு சொல்ல முடியும்? ஒம்பது வருசமாப் பயந்துட்டே இருக்கறனுங்க. ஆபீஸ்ல இருந்து ஆளு வந்தா பொதிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறனுங்க. ஒரு படம் எடுத்துட்டா அதோட தீந்துது. நிம்மதியாத் தூங்குவனுங்க."

அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. முகத்தையும் பேரையும் சேர்த்துத் தைத்துக்கொள்ள அவனுக்குக் கிடைத்த ஒரே ஊசி அந்தச் சீட்டு. அது குத்தினாலும் குத்தும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியும் பிரயோசனம் இல்லை.

எதிர்ச் சங்கத்துத் தலைவர் வரதராஜுலு முதலில் படமே கூடாது என்றார். கூலிக்காரனை ஜெயில் கைதி மாதிரி நிற்கவைத்துப் படம் பிடிக்கிறதா என்று ரோஷமாகப் பேசினார். அவர் ஆட்களில் பாதிப் பேர் எப்போதோ வேலையை விட்டுப் போனவர்கள், அந்த ரோஷம்தான். பிறகு அவரே யோசித்து வேறு வழிக்கு வந்தார். "படம் எடுங்க, வேண்டாங்கலை. ஆனா படத்துல இருக்கறது மூஞ்சிதானுங்க? மூஞ்சியில பேரு எழுதியிருக்குதா? இந்த மூஞ்சிக்கு இந்தப் பேருதான்னு சாட்சி ஆரு? ஊட்டுக்காரி வந்து சொல்லட்டும். பொண்டாட்டிக்குத் தெரியாத புருசனா?" என்று மில்லின் லேபர் ஆபீசரிடம் கேட்டார். லேபர் ஆபீசருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மெட்ராஸிலிருந்து வந்தவர், எங்கள் பெண்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? வெங்கடபதியும் தலையை ஆட்டிவிட்டார்.

ஒப்பணக்கார வீதியிலிருந்து ஸ்டுடியோக்காரர் முக்காலியில் நிற்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். டைம் ஆபீஸ் சுவரில் வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு ஒவ்வொருவராக நிற்கவைத்தார். எங்கள் டிபார்ட்மெண்டில் நல்ல வெள்ளைச் சட்டை ஒன்றுதான் இருந்தது. ஒருவன் கழற்றிக் கொடுக்க அடுத்தவன் போட்டுக்கொண்டான். அந்த வருஷத்துச் சீட்டுகளைப் பார்த்தால் புளோரூம்காரர்கள் எல்லாரும் ஒரே சட்டைக்காரர்கள். மாசாணம் கண்ணைக் கொட்டாமல், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். "சாதாரணமா நில்லுப்பா" என்று ஸ்டுடியோக்காரர் சொல்லியும் கேட்கவில்லை.

படம் எடுத்து முடிந்ததும் என்னிடம், "அண்ணனுக்கு ஒரு படங்கூட இல்லீங்க. இதை ஆத்தாகிட்டக் கொண்டுபோய்க் காட்டோணும்" என்றான். யார் படம் என்று சொல்லிக் காட்டுவான் என்று நான் கேட்கவில்லை.

சீட்டு கொடுக்கிற நாளைக்கு முந்தின சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் கேட்டது. லைன் வீட்டுச் சுவர், மூச்சு விட்டாலே கேட்கும்.

"புருசன் பேரு என்னம்மான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?"

பாவாத்தாள் முணுமுணுத்தாள்.

"முழுங்காத. சத்தமாச் சொல்லு. தடுமாறினயின்னா சந்தேகப்படுவாங்க. எம்பேரு கிம்பேரு வாயில வந்துபோச்சுன்னா நம்ம பொழப்பு நாறிப்போகும்."

"ஆறுச்சாமிங்க" என்றாள் அவள்.

"இன்னொருக்காச் சொல்லு."

"ஆறுச்சாமிங்க."

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி அது நீண்டுகொண்டே போனது. என் மனைவி கருப்பாத்தாள் சோற்றை இறக்கி வைத்துவிட்டு, "அந்தப் புள்ளை பேரைச் சொல்லிப் பழகுதாட்ட இருக்குது" என்றாள். எனக்குச் சோறு இறங்க வேண்டும் என்கிற நினைப்புத்தான். அவள் சொன்னதற்குள் என்ன இருக்கிறது என்று நானும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

மறுநாள் டைம் ஆபீஸ் முன்னால் வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருந்தார்கள். நடுவில் லேபர் ஆபீசர், ஒரு பக்கம் வெங்கடபதி, இன்னொரு பக்கம் வரதராஜுலு. படம் ஒட்டிய சீட்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன. நாங்கள் பெண்டாட்டிகளோடு வரிசையில் நின்றோம். திருவிழாவுக்கு வந்த மாதிரி எல்லாரும் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

முதல் பெண்ணிடமே வேலை நின்றுபோனது. "உன் புருஷன் பேர் என்னம்மா?" என்று லேபர் ஆபீசர் கேட்டார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அடுத்தவள், "இவருதானுங்க" என்று கையை நீட்டினாள். அதற்கடுத்தவள், "எங்க பெரிய பையனைக் கூப்புட்டுக் கேளுங்க, சொல்லுவான்" என்றாள். என் மனைவியின் முறை வந்தது.

"பழனி மலை மேல நிக்கறவரு பேருங்க."

"பழனிச்சாமியா?"

"இல்லீங்க."

"முருகனா? வேலுச்சாமியா?"

"கையில ஒண்ணு வெச்சிருப்பாருங்களே."

"தண்டபாணி" என்று நானே சொல்லித் தொலைத்தேன். வரிசை முழுக்கச் சிரித்தது. லேபர் ஆபீசர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வரதராஜுலுகூடச் சிரித்தார். என் சீட்டு கைக்கு வந்தது. படத்தில் நான் என் தம்பி மாதிரி இருந்தேன், அது வேறு விஷயம்.

எனக்குப் பின்னால் மாசாணமும் பாவாத்தாளும். அவள் சின்னப் பெண், இருபதுக்கு மேலே இருந்தால் அதிகம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேஜைக்கு நேராக வந்து நின்றாள். லேபர் ஆபீசர் சலித்துப்போய், பதில் வராது என்று தெரிந்தே கேட்பவர் மாதிரி கேட்டார்.

"உன் புருஷன் பேர்?"

"ஆறுச்சாமிங்க" என்றாள் பாவாத்தாள். தடுமாறவில்லை, முழுங்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்ற வண்டிக்காரனுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

லேபர் ஆபீசருக்குச் சந்தோஷம். "இப்படிச் சொல்ல வேண்டியதுதானே" என்று பேனாவை எடுத்தார். ஆனால் வரிசையில் சிரிப்பு நின்றுவிட்டது. என் மனைவி என் கையைப் பிடித்தாள். தாலி கட்டியவன் பேரை ஒருத்தி நாலு பேர் நடுவில் நின்று இப்படிப் பட்டென்று சொல்லுவாளா? சொல்லமாட்டாள். அவள் சொன்னாள் என்றால் அது தாலி கட்டியவன் பேர் இல்லை. அங்கே நின்ற அத்தனை பெண்களுக்கும் அது புரிந்துவிட்டது. மாசாணத்துக்கு மட்டும் புரியவில்லை. நன்றாகச் சொன்னாய் என்கிற மாதிரி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

வரதராஜுலு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏனம்மணி, உனக்கு எந்த ஊரு?"

"தொண்டாமுத்தூருக்கு அக்கட்டைங்க."

"அட, எங்க தோட்டமும் அங்கதான். காளியாத்தாள் மருமகளா நீயி?"

"ஆமாங்க."

"காளியாத்தாளுக்கு ரெண்டு பசங்கன்னு எனக்குத் தெரியுமே. மூத்தவன் ஆறுச்சாமி, உம்புருசன். செரி. அப்ப உங்கொழுந்தன் ஒருத்தன் இருக்கோணுமே. அவம்பேரு என்ன கண்ணு?"

அவர் குரலில் அவ்வளவு அன்பு. பெற்ற மகளிடம் பேசுகிற மாதிரி பேசினார். அந்த ஆள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

கொழுந்தன் பேரைச் சொல்ல எந்தப் பெண்ணுக்கும் கூச்சம் கிடையாது. மாசாணம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேனா ஓடும், சீட்டு கைக்கு வரும், ஒன்பது வருஷத்துப் பயம் அந்த மேஜையோடு தீர்ந்துவிடும். பாவாத்தாள் வாயைத் திறந்தாள். உதடு ஒட்டிப் பிரிந்தது. சத்தம் வரவில்லை.

"சொல்லு" என்றான் மாசாணம். சிரிப்பு போய்விட்டது. "சொல்லிப்போடு பாவா. எந்தம்பி பேருதான. சொல்லிப்போடு."

அவள் அவனைப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. ஆனைமலைக் கோயிலுக்குப் போனால்கூட அந்த அம்மன் பேரைச் சொல்லிக் கும்பிடாதவள் அவள். மாசாணியம்மன் என்றால் புருஷன் பேர் அதில் வருகிறதே. மனசுக்குள்ளே கும்பிட்டுவிட்டு வருவாள். அவளைப் போய் இப்போது சொல்லு சொல்லு என்றால்? ஆனாலும் பாவம், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் புருஷனைக் காட்டிக் கொடுத்துவிடக்கூடாது என்று நினைத்தாள் போல. தலையைக் குனிந்துகொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னாள்.

"ஆனமலைல படுத்திருக்கற ஆத்தா பேருங்க."

வரிசையில் நின்ற எல்லாருக்கும் விளங்கிவிட்டது. லேபர் ஆபீசர் மட்டும் ஒன்றும் விளங்காமல் இரண்டு பக்கமும் பார்த்தார். வரதராஜுலு அவருக்கு விளக்கிச் சொன்னார். இந்தப் பக்கத்துப் பெண்கள் எந்தப் பேரைச் சொல்லுவார்கள், எந்தப் பேரைச் சொல்லமாட்டார்கள் என்று நிதானமாக, மரியாதையாகச் சொன்னார். கேட்டு முடித்ததும் லேபர் ஆபீசர் பேனாவை மூடினார். மாசாணத்தின் கையை நீட்டச் சொல்லி டோக்கனை வாங்கிக்கொண்டார். படம் ஒட்டிய சீட்டைக் கிழித்துப் போட்டார்.

அதற்குப் பிறகு விசாரணை என்று ஒன்று நடந்தது. முடிவு தெரிந்த விசாரணை. ஊரிலிருந்து மணியக்காரர் சாவுக் கணக்கைப் பார்த்து எழுதி அனுப்பினார். ஆறுச்சாமி என்கிற தொழிலாளி ஐம்பத்திரண்டிலேயே இறந்துவிட்டதால் அதற்குப் பிறகு அவன் வேலை செய்திருக்க முடியாது. மாசாணம் என்று ஒருவனை இந்த மில் எப்போதும் வேலைக்கு வைத்ததில்லை. அப்படியானால் ஒன்பது வருஷம் புளோரூமில் பஞ்சு பிரித்தவன் யார்? அதை யாரும் கேட்கவில்லை. ஒன்பது வருஷமும் ஆறுச்சாமிக்குப் போனது. இருமல் மட்டும் மாசாணத்துக்கு மிச்சம்.

நான் வெங்கடபதியிடம் போய் நின்றேன். சங்கம் என்று இருப்பது எதற்கு என்று கேட்டேன். "ஆள் மாறாட்டத்துக்குப் பரிஞ்சு பேசினா எலக்சன்ல நம்மளத்தான் நாறடிப்பாங்க, தண்டபாணி. படம் வேணும்னு கேட்டதே நம்ம சங்கம். எந்த மூஞ்சியோட போயி நிக்கறது?" என்றார். மாசாணமே ஒரு நாள் போய், மாசாணம் என்கிற பேரிலேயே தன்னை, லீவு போட்டவனுக்குப் பதிலாக நிற்கிற பதிலியாகவாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லி லேபர் ஆபீசர் காலில் விழுந்தான். புதிதாகச் சேர வயது தாண்டிவிட்டது என்றார்கள்.

அவன் பாவாத்தாளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் என் மனைவியிடம் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஒரே ஒரு பேருங்கக்கா. அதைச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரலீங்களே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்கும் வந்திருக்காது கண்ணு" என்றாள் கருப்பாத்தாள். உண்மையைத்தான் சொன்னாள். உண்மையால் அந்தப் பெண்ணுக்கு என்ன லாபம்?

லைன் வீட்டைக் காலி செய்யக் கொடுத்த கெடுவும் சங்கத் தேர்தலும் ஒரே நாளில் வந்தன. காலையிலேயே கேட்டுக்கு முன்னால் கூட்டம். ஓட்டுப் போட வந்தவர்களில், மில்லை விட்டு எப்போதோ நின்றுபோய் உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறவனைப் பார்த்தேன். மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்கிறவனையும் பார்த்தேன். எல்லார் கையிலும் படம் ஒட்டிய சீட்டு இருந்தது. எல்லார் பெண்டாட்டியும் வெட்கப்பட்டுச் சிரித்திருப்பாள். படம் வைத்து எங்கள் மில்லில் பிடித்த கள்ள ஓட்டுக்காரன் ஒரே ஒருவன்தான். அவன் கேட்டுக்கு எதிரே ரோட்டோரத்தில் நின்று, சீட்டைக் காட்டிக் காட்டி உள்ளே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

சட்டி பானையை ஏற்றிய மாட்டு வண்டி தெருமுனையில் வந்து நின்றது. குழந்தையை வண்டியில் உட்காரவைத்துவிட்டுப் பாவாத்தாள் இறங்கி வந்தாள்.

"ஏனுங்க" என்று கூப்பிட்டாள். கூட்டத்தில் பாதி ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை.

அவள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள். ரோட்டில் அத்தனை பேர் பார்க்க, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மாசாணம்" என்று கூப்பிட்டாள். பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். வரிசையில் நின்ற வரதராஜுலுவின் ஆட்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். "மாசாணம்" என்று மறுபடியும் கூப்பிட்டாள். "உங்களைத்தானுங்க, மாசாணம்."

அவன் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபத்தில் நிற்கிறான் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவள் வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நான் அவன் தோளைத் தொட்டேன்.

"ஆறுச்சாமி, உன்னைத்தான் கூப்புடறா."

அவன் திரும்பினான்.